சிக்னல் இல்லாத தோட்டத்தில் ஜிடிபி: உள்ளேயே இருக்கும் ‘ஹெல்ப்’ கட்டளையிடம் எப்படிக் கேட்பது?

கேள்வி: பென்னாகரத்தான்

அனைவருக்கும் வணக்கம்.

கிருஷ்ணகிரியில், சொட்டுநீர்ப் பாசன மோட்டார்களுக்கான கட்டுப்பாட்டுப் போர்டு செய்யும் ஒரு சிறிய பட்டறையில் ஃபர்ம்வேர் (போர்டின் சில்லுக்குள் ஓடும் நிரல்) எழுதும் வேலையில் இருக்கிறேன். எங்கள் போர்டில் எஸ்டிஎம்32 வகையைச் சேர்ந்த ஒரு கார்டெக்ஸ்-எம்3 சில்லும், நிலவரத்தைக் குறுஞ்செய்தியாகவும் இணையம் வழியாகவும் அனுப்புவதற்கு ஒரு ஜிஎஸ்எம் மோடமும் உள்ளன. பட்டறை மேசையில் நாள்கணக்கில் சலிக்காமல் ஓடுகிற இந்தப் போர்டு, அஞ்செட்டிக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் மாட்டிய பிறகு, மும்முனை மின்சாரம் வந்த பத்து நிமிடத்துக்குள் உறைந்துபோகிறது. மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் காண்டாக்டர் சுவிட்ச் இழுக்கும்போது எழும் மின் இரைச்சல்தான் காரணம் என்று முதலாளி சொன்னதால், அதன் சுருளுக்குக் குறுக்கே அந்த இரைச்சலை அடக்கும் ஸ்னப்பர் ஒன்றையும் மாட்டிப் பார்த்துவிட்டோம். மாற்றம் ஏதும் இல்லை.

சென்ற வாரம் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு தேன்கனிக்கோட்டை வழியாகப் போய், மோட்டார் ரூமிலேயே உட்கார்ந்து, சில்லோடு பேசும் ஓப்பன்ஓசிடி நிரல் மூலமாக ஜிடிபியை இணைத்தேன். (நாட்டின் மொத்த உற்பத்தியைச் சொல்லும் ஜிடிபி அல்ல, டீபக்கர், அதாவது ஓடும் நிரலை நிறுத்தி உள்ளே பார்த்துப் பிழை தேடும் கருவி.) தொடக்கக் கோப்பில் உள்ள ஹார்ட்ஃபால்ட் (சில்லால் தொடர முடியாத கடும் பிழை) கையாளியின் முடிவில்லாச் சுழலில் நிரல் நிற்பது வரை தெரிந்தது. அங்கே எப்படி வந்து விழுந்தது என்று கண்டுபிடிக்க அடுத்து என்ன தட்ட வேண்டும் என்பது எனக்கு நினைவில் இல்லை. பட்டறையில் இருந்தால் இணையத்தில் தேடியிருப்பேன். அந்தத் தோட்டத்திலோ கைபேசியில் ஒரு கோடுகூடச் சிக்னல் கிடையாது.

ஆகவே ‘ஹெல்ப்’ என்று தட்டினேன். ஒரு டஜன் தலைப்புகளைக் காட்டியது. ‘ஹெல்ப் ஆல்’ என்று தட்டியபோது பக்கம் பக்கமாக ஓடியது. ஏழெட்டு முறை என்டரைத் தட்டிவிட்டுக் கைவிட்டேன். ‘ஹெல்ப் மெமரி’ என்று கேட்டால், அப்படி ஒரு கட்டளை இல்லை, ‘ஹெல்ப்’ என்று தட்டிப் பாருங்கள் என்கிறது. ‘ஹெல்ப் ஹார்ட்ஃபால்ட்’ என்றாலும் அதே பதில்தான். உதவி கேட்டு வந்தவனை உதவி கேட்கச் சொல்லித் திருப்பி அனுப்புகிறது.

கட்டளையின் பெயர் தெரிந்தால்தான் அதைப் பற்றி ‘ஹெல்ப்’ சொல்லும் என்றால், பெயரே தெரியாதவன் என்ன செய்வது? வெள்ளிக்கிழமை மறுபடியும் அங்கே போகிறேன். அதற்குள் இந்தக் கட்டளையை ஒழுங்காகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ள விரும்புகிறேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். பதில் எழுதுவோரும் அப்படியே எழுதினால் போதும், எனக்குப் புரியும்.

பதில் 1: ஓசூர் ஃபர்ம்வேர்க்காரி

தம்பி, நீங்கள் தட்டிய முதல் ‘ஹெல்ப்’ கட்டளையின் விடையைக் கடைசி வரி வரை படித்திருந்தால், உங்கள் கேள்விக்கான பதில் அங்கேயே இருந்திருக்கும். இதில் உங்கள் மேல் குறையொன்றும் இல்லை. எல்லோரும் தலைப்புகளைப் பார்த்துவிட்டு அடியில் இருக்கும் வரிகளை விட்டுவிடுகிறோம், நானும் இரண்டு வருடம் அப்படித்தான் விட்டேன். அந்த அடிவரிகளில் ‘அப்ரோபோஸ்’ என்ற கட்டளையைப் பற்றிச் சொல்லியிருக்கும். எழுத்துக்கூட்டிச் சொல்கிறேன்: ஏ, பி, ஆர், ஓ, பி, ஓ, எஸ். ஜிடிபி திறக்கும்போது வரும் முகப்பு வாசகத்திலும் இதே குறிப்பு உண்டு. அதையும் யாரும் படிப்பதில்லை.

‘ஹெல்ப்’ பெயரைக் கேட்டுப் பொருளைச் சொல்லும். ‘அப்ரோபோஸ்’ பொருளைக் கேட்டுப் பெயரைச் சொல்லும். ‘அப்ரோபோஸ் மெமரி’ என்று தட்டினால், பெயரிலோ விளக்கத்திலோ அந்தச் சொல் வருகிற எல்லாக் கட்டளைகளையும், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கத்துடன் காட்டும். எக்ஸ் என்ற ஒற்றை எழுத்துக் கட்டளையும் அந்தப் பட்டியலில் இருக்கும். உங்களுக்கு வேண்டியது அதுதான். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாட்டை அது பார்ப்பதில்லை, ரெகுலர் எக்ஸ்பிரஷனும் (தேடல் வடிவமும்) கொடுக்கலாம். பட்டியலில் ஒரு வரி போதாமல் முழு விளக்கமும் வேண்டுமானால், சற்றே புதிய பதிப்புகளில் இடையில் ஒரு சிறுகோடும் வி எழுத்தும் சேர்த்துத் தட்டலாம். ஆனால் அது கொட்டித் தீர்த்துவிடும், குறுகலான சொல்லைத் தேடும்போது மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

‘ஹெல்ப் ஹார்ட்ஃபால்ட்’ ஏன் வேலை செய்யவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஹார்ட்ஃபால்ட் என்பது சில்லின் சொல். 1986-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதத் தொடங்கிய டீபக்கர், எத்தனையோ வகைச் செயலிகளுக்குப் பொதுவானது. அதற்குத் தெரிந்தவை நினைவகம், ரெஜிஸ்டர் (செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்), ஸ்டாக் (நிரல் தற்காலிக விவரங்களை அடுக்கும் நினைவகப் பகுதி), சிம்பல் (ஃபங்ஷன் போன்றவற்றின் பெயர்), பிரேக்பாயிண்ட் (நிரலை நிறுத்தும் இடம்) போன்ற சொற்களே. எனவே நம் சிக்கலை முதலில் அந்தச் சொற்களுக்கு மாற்றிக்கொண்டுதான் கேட்க வேண்டும். “ஹார்ட்ஃபால்ட் எங்கிருந்து வந்தது?” என்பதை “ஸ்டாக்கில் இருக்கும் எட்டுச் சொற்களை (இங்கே ஒரு சொல் என்பது நான்கு பைட்) எப்படிப் பார்ப்பது? அதில் கிடைக்கும் முகவரி எந்த ஃபங்ஷனுக்குள் இருக்கிறது?” என்று இரண்டாக உடைத்தால், முதலாவதற்கு ‘ஹெல்ப் எக்ஸ்’ என்பதிலும், இரண்டாவதற்கு ‘ஹெல்ப் இன்ஃபோ சிம்பல்’ என்பதிலும் விடை இருக்கிறது.

ஏன் எட்டுச் சொற்கள் என்றால், கார்டெக்ஸ்-எம் சில்லில் விதிவிலக்கு (எக்செப்ஷன், அதாவது ஹார்ட்ஃபால்ட் போல வழக்கமான ஓட்டத்தை முறிக்கும் நிகழ்வு) ஒன்று எழும்போது, வன்பொருளே எட்டு ரெஜிஸ்டர்களை ஸ்டாக்கில் போட்டுவிட்டுத்தான் கையாளிக்குப் போகிறது. வரிசை: ஆர்0, ஆர்1, ஆர்2, ஆர்3, ஆர்12, எல்ஆர், பிசி, கடைசியாக நிலை ரெஜிஸ்டர். ஏழாவதாக இருக்கும் பிசி, அதாவது நிரல் எந்த ஆணையில் இருந்தது என்ற முகவரிதான் தடுக்கி விழுந்த இடம். உங்கள் கையாளி வெறும் சுழல் என்பதால் ஸ்டாக் சுட்டி நகர்ந்திருக்காது. பிரதான ஸ்டாக்கை மட்டுமே பயன்படுத்தும் நிரலில் நேரடியாக அங்கேயே பார்க்கலாம்.

‘ஹெல்ப் எக்ஸ்’ தரும் விளக்கத்தை ஒரு முறை நிதானமாகப் படியுங்கள், இதில் அவசரம் வேண்டாம். கட்டளைக்குப் பின் ஒரு சாய்கோடு. அதற்குப் பின் எத்தனை வேண்டும் என்ற எண். அதற்குப் பின் எந்த வடிவில் காட்ட வேண்டும் என்ற ஓர் எழுத்து. அதற்குப் பின் ஒவ்வொன்றும் எவ்வளவு பெரியது என்ற ஓர் எழுத்து. வடிவ எழுத்துகளில் எக்ஸ் பதினாறடிமானம், டிஎன்ஏவில் முதலில் வரும் டி என்றால் பத்தடிமானம், தேநீரைக் குறிக்கும் ‘டீ’ என்ற ஆங்கிலச் சொல்லில் முதலில் வரும் டி என்றால் இரண்டடிமானம், ஐ என்றால் இயந்திர ஆணை, சி என்றால் எழுத்து, எஸ் என்றால் சரம். (தமிழில் எழுதினால் இரண்டு ‘டி’யும் ஒன்றாகிவிடுகின்றன, திரையில் பார்த்தால் குழப்பம் இருக்காது.) அளவு எழுத்துகளில் பி ஒரு பைட், எச் இரண்டு, டபிள்யூ நான்கு, ஜி எட்டு. ஆகவே உங்களுக்கு வேண்டியது: எக்ஸ், சாய்கோடு, 8, எக்ஸ், டபிள்யூ, ஓர் இடைவெளி, டாலர் குறி சேர்த்த எஸ்பி. அதே விளக்கத்தின் கடைசிப் பகுதியில், முகவரி கொடுக்காவிட்டால் முன்பு காட்டியதற்கு அடுத்த இடத்திலிருந்து தொடரும் என்றும், வடிவத்தைச் சொல்லாவிட்டால் முன்பு கொடுத்ததையே எடுத்துக்கொள்ளும் என்றும் இருக்கும். இந்த இரண்டும் தெரியாமல் முகவரியைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருப்பவர்கள் எங்கள் அலுவலகத்தில் இன்னமும் இருக்கிறார்கள்.

‘இன்ஃபோ’ என்றும் ‘ஷோ’ என்றும் இரண்டு உண்டு. முன்னது உங்கள் நிரலின் நிலையைச் சொல்லும், பின்னது டீபக்கரின் சொந்த அமைப்புகளைச் சொல்லும். ‘ஹெல்ப் இன்ஃபோ’ என்று தட்டினால் அதன் துணைக் கட்டளைகள் அனைத்தும் வரும். என் பார்வையில், தொடக்கத்தில் வரும் தலைப்புகளைவிட இந்த ஒரு பட்டியல்தான் அதிகம் பயன்படுகிறது. தலைப்புகளில் ‘டேட்டா’, ‘ஸ்டாக்’, ‘பிரேக்பாயிண்ட்ஸ்’, ‘ரன்னிங்’ ஆகிய நான்கையும் வீட்டில் ஒரு முறை புரட்டினால் போதும். ‘அப்ஸ்க்யூர்’ என்ற தலைப்பு அதன் பெயருக்கு நியாயம் செய்கிறது.

பக்கம் பக்கமாக ஓடுவதைப் பற்றி: நடுவில் நிற்கும்போது க்யூ தட்டினால் வெளியேறலாம், புதிய பதிப்பாக இருந்தால் சி தட்டி நிற்காமல் ஓடவிடலாம். ‘ஹெல்ப் ஆல்’ முழுவதையும் ஒரு கோப்பாக எடுத்து வைத்துக்கொள்ள வேண்டுமானால், ஜிடிபியை ‘பேட்ச்’ முறையில் ஓடவிட்டு அந்த ஒரு கட்டளையை மட்டும் கொடுத்து, வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பிவிடுங்கள். பிறகு அதில் எந்த எடிட்டரிலும் தேடலாம்.

பதில் 2: ராயக்கோட்டை ரோடு

இவ்வளவு சுற்றுவானேன்? ஜிடிபியின் முழுக் கையேடும் பிடிஎஃப் ஆக, அதை வெளியிடும் க்னூ திட்டத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இறக்கி மடிக்கணினியில் வைத்துக்கொண்டால் சிக்னல் எதற்கு, ‘ஹெல்ப்’ எதற்கு?

பதில் 3: ஓசூர் ஃபர்ம்வேர்க்காரி

கையேட்டை வைத்துக்கொள்வது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் நூற்றுக்கணக்கான பக்கங்களில் தேடுவதும், தளத்தில் இருப்பது புதிய பதிப்பின் கையேடாகவும் நம் கணினியில் இருப்பது நான்கைந்து வருடம் பழைய ஜிடிபியாகவும் இருப்பதும் நடக்கக்கூடியவை. ‘ஹெல்ப்’ தரும் வாசகம் அந்த நிரலுக்குள்ளேயே சேர்த்துத் தொகுக்கப்பட்டது. அது சொல்லும் கட்டளை உங்களிடம் இருக்கும் பதிப்பில் கண்டிப்பாக இருக்கும். கருத்துகளை விளங்கிக்கொள்ளக் கையேடு, தட்டும் நேரத்தில் எழுத்து மறந்தால் ‘ஹெல்ப்’ என்று நான் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

பதில் 4: தருமபுரி ஆய்வகத்து வாத்தியார்

கேள்வி கேட்ட தம்பிக்கு: ஓசூர் அம்மையார் சொன்னவை அனைத்தும் சரி. அவர் தொடாத இரண்டு செய்திகளைச் சொல்கிறேன்; முதலாவது மாணவர்களுக்கு நான் ஆண்டுதோறும் சொல்லிச் சலித்தது, இரண்டாவது மோட்டார் ரூமில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு மிகவும் முக்கியமானது.

உங்கள் மேசையில் இருப்பது ஒரு நிரல் அல்ல, இரண்டு. ஜிடிபி தனி, சில்லோடு பேசும் ஓப்பன்ஓசிடி தனி. ஜிடிபியின் ‘ஹெல்ப்’ கட்டளைக்குத் தன் வீட்டுச் சமாசாரம் மட்டுமே தெரியும். சில்லை ரீசெட் செய்வது, ஃபிளாஷை (நிரல் பதிந்திருக்கும் நினைவகத்தை) அழிப்பது போன்றவற்றுக்கான ஓப்பன்ஓசிடியின் கட்டளைகளை அங்கே தேடினால் கிடைக்காது. ‘ஹெல்ப் மானிட்டர்’ என்று கேட்டால், இது தொலைவில் உள்ள மானிட்டருக்குக் கட்டளை அனுப்பும் என்று ஒரே வரியில் முடித்துவிடும், என்ன கட்டளை என்று சொல்லாது. அதைக் கேட்க வேண்டிய முறை ‘மானிட்டர் ஹெல்ப்’. சொற்களின் வரிசை மாறியதும் கேட்கப்படுபவரே மாறிவிடுகிறார் என்பதைக் கவனியுங்கள். வெறுமனே கேட்டால் நீண்ட பட்டியல் வந்து விழும். பின்னால் ஒரு சொல்லைச் சேர்த்து, ‘மானிட்டர் ஹெல்ப் ரீசெட்’ என்பதுபோலக் கேட்டால் அந்தச் சொல் வருகிறவற்றை மட்டும் காட்டும். ஒரு எச்சரிக்கை: உறைந்துபோன போர்டில் இணைந்த உடனே, பழக்கத்தில் ‘மானிட்டர் ரீசெட் ஹால்ட்’ என்று தட்டிவிடாதீர்கள். தடயம் முழுவதும் போய்விடும். ‘மானிட்டர் ஹால்ட்’ மட்டும் போதும்.

இரண்டாவது செய்தி. டீபக்கர் சில்லை நிறுத்தும்போது, நிற்பது நிரல் மட்டுமே. வெளியே செல்லும் பின்கள் கடைசியாக இருந்த நிலையிலேயே இருக்கும். ரிலே இழுத்திருந்த நேரத்தில் நிறுத்தினீர்கள் என்றால், நீங்கள் ‘ஹெல்ப் எக்ஸ்’ விளக்கத்தை நிதானமாகப் படித்துக்கொண்டிருக்கும் அந்தப் பத்து நிமிடமும் மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருக்கும். தண்ணீர் வற்றிய போர்வெல்லில் மோட்டார் காய்ந்து ஓடினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ட்ரை ரன் பாதுகாப்பு உங்கள் நிரலுக்குள் இருந்தால் அதுவும் நின்றுபோயிருக்கும். ஆகவே இணைப்பதற்கு முன் ஸ்டார்ட்டரைக் கையால் அணைத்துவிடுங்கள், கட்டுப்பாட்டுப் போர்டுக்கு மட்டும் மின்சாரம் இருக்கட்டும்.

வாட்ச்டாக் (நிரல் உறைந்தால் சில்லை ரீசெட் செய்யும் காவல் கடிகாரம்) கதை இதற்கு நேர்மாறு. எஸ்டிஎம்32 சில்லில் உள்ள தனி வாட்ச்டாக், நிரல் நின்றாலும் தன் கடிகாரத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். டீபக்கின்போது அதையும் நிறுத்தும்படி அதற்கென உள்ள பிட்டை வைக்காவிட்டால், நீங்கள் படித்துக்கொண்டிருக்கும்போதே சில்லை ரீசெட் செய்துவிடும். உங்கள் போர்டு உறைந்தபடியே கிடக்கிறது என்பதால் நீங்கள் வாட்ச்டாக்கை இன்னும் இயக்கவில்லை என்று ஊகிக்கிறேன். இப்போதைக்கு அது வசதிதான், பிறகு இயக்கிவிடுங்கள்.

இந்தக் கவலைகளெல்லாம் இல்லாமல் ‘ஹெல்ப்’ படிக்க ஒரே வழி, வீட்டிலேயே படிப்பது. போர்டு வேண்டாம், கேபிள் வேண்டாம், நிரல் கோப்புகூட வேண்டாம். வெறும் ஜிடிபியைத் திறந்தாலே ‘ஹெல்ப்’, ‘அப்ரோபோஸ்’ இரண்டும் வேலை செய்யும்.

பின்குறிப்பு: பென்னாகரத்தான்

அக்காவுக்கும் ஐயாவுக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு வீட்டில் உட்கார்ந்து ‘அப்ரோபோஸ்’ கட்டளையோடு இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன். ‘ஹெல்ப் பிரேக்’ என்பதைப் படித்தபோது ஒரு செய்தி கிடைத்தது: ஃபங்ஷன் பெயருக்கு முன் நட்சத்திரக் குறி இட்டால், அதன் முதல் ஆணையிலேயே நிற்குமாம். இதுவரை பெயரை மட்டும் கொடுத்து வந்தேன்; அப்போது சில ஆணைகள் தாண்டித்தான் நின்றது, அதற்குள் ஸ்டாக் சுட்டி நகர்ந்துவிடும்.

ஒரு துணைக் கேள்வி. எங்கள் பட்டறையில் லினக்ஸ் ஓடும் ஒரு கேட்வே பெட்டியும் செய்கிறோம். அதன் கெர்னலுக்குள் (இயங்குதளத்தின் மையப் பகுதிக்குள்) இருக்கும் கேடிபி டீபக்கரிலும் இதே ‘ஹெல்ப்’ உண்டா? தோட்டத்தில் நான்கு கட்டளையை ஒன்றாகத் தட்டுவதை எளிதாக்க வழி உண்டா?

பதில் 5: கெர்னல் பக்கம் போகிறவன்

கேடிபி பற்றிச் சொல்கிறேன். 2010-ல், 2.6.35 பதிப்பில் லினக்ஸின் பிரதானக் கெர்னலுக்குள் வந்தது. ‘ஹெல்ப்’ என்றோ வெறும் கேள்விக்குறியோ தட்டினால் கட்டளைகளின் பட்டியல் வரும். ஒவ்வொன்றுக்கும் பயன்படுத்தும் முறையும் ஒரு வரி விளக்கமும்தான். ஜிடிபியில் இருப்பதுபோல நீண்ட விளக்கமோ ‘அப்ரோபோஸ்’ போன்ற தேடலோ கிடையாது. மொத்தப் பட்டியலே சில பத்துக் கட்டளைகள்தான் என்பதால் பெரிய குறையாகத் தெரியாது. வெளியீட்டைச் செங்குத்துக் கோட்டின் வழியாக ‘கிரெப்’ கட்டளைக்கு அனுப்பி வடிகட்டலாம். அதை எழுதும் முறைக்கென்றே ‘கிரெப்ஹெல்ப்’ என்று தனிக் கட்டளை வைத்திருக்கிறார்கள். கேடிபிக்குள் நுழைந்தால் அந்தப் பெட்டி முழுவதுமே நின்றுவிடும், நெட்வொர்க் உட்பட. எஸ்எஸ்எச் (நெட்வொர்க் வழித் தொலை இணைப்பு) வழியாக உள்ளே போய் அதைத் தூண்டினால் உங்கள் இணைப்பே உறைந்துவிடும். சீரியல் கேபிளை முதலில் மாட்டிக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் பக்கம் போக நேர்ந்தால்: விண்டிபக் டீபக்கரில் வெறும் கேள்விக்குறி கட்டளைச் சுருக்கத்தைத் தரும், புள்ளி வைத்த ‘ஹெல்ப்’ புள்ளியில் தொடங்கும் கட்டளைகளைத் தரும், ஆச்சரியக்குறி வைத்த ‘ஹெல்ப்’ நீட்சிகளைப் பற்றிச் சொல்லும். கேள்விக்குறிக்குப் பின்னால் ஏதாவது எழுதினால் அது உதவி அல்ல, கணக்கு. கேள்விக்குறி போட்டு 10 என்று தட்டிய நண்பர் ஒருவர், விடையாக 16 வந்ததும் கருவி கெட்டுவிட்டது என்றே முடிவுகட்டினார். அங்கே எண்களின் இயல்பான அடிமானம் பதினாறு.

பதில் 6: ஓசூர் ஃபர்ம்வேர்க்காரி

நான்கு கட்டளையை ஒன்றாக்க ‘டிஃபைன்’ உண்டு தம்பி. ‘டிஃபைன்’ என்று எழுதி உங்கள் விருப்பப்படி ஒரு பெயரைக் கொடுத்து (நான் ஆங்கில எழுத்தில் ‘விழு’ என்று வைத்திருக்கிறேன்), வேண்டிய கட்டளைகளை வரிக்கு ஒன்றாக எழுதி, ‘எண்ட்’ என்று முடியுங்கள். அதோடு நிறுத்திவிடாமல், ‘டாக்குமெண்ட்’ என்று எழுதி அதே பெயரைக் கொடுத்து, அந்தக் கட்டளை என்ன செய்கிறது என்று நான்கு வரி எழுதி, மறுபடியும் ‘எண்ட்’ என்று முடியுங்கள். வீட்டு அடைவில் உள்ள ஜிடிபி தொடக்கக் கோப்பில் இவற்றைப் போட்டுவிட்டால், அடுத்த முறை திறக்கும்போது ‘ஹெல்ப் விழு’ என்று தட்டினால் நீங்கள் எழுதிய வரிகளே வரும். ‘ஹெல்ப் யூசர்-டிஃபைண்ட்’ பட்டியலிலும் அது இடம்பெறும், ‘அப்ரோபோஸ்’ தேடினாலும் அகப்படும். அதனால் விளக்கத்தில் ‘ஹார்ட்ஃபால்ட்’ என்ற சொல்லை மறக்காமல் சேர்த்துவிடுங்கள். இன்று உங்களுக்குக் கிடைக்காத விடை அடுத்த முறை கிடைக்கும்.

என் விளக்கங்களைத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். முதல் வரி மட்டும்தான் பட்டியல்களில் தெரியும் என்பதால், சொல்ல வேண்டியதை அந்த வரியிலேயே முடித்துவிடுங்கள்.

முடிவு தெரிந்தது: பென்னாகரத்தான்

வெள்ளிக்கிழமை போய்வந்தேன். ஐயா சொன்னபடி ஸ்டார்ட்டரை அணைத்துவிட்டு, போர்டு உறையும்வரை காத்திருந்து, ரீசெட் செய்யாமல் இணைத்தேன். தோட்டத்துக்காரர் களியும் கீரைக்குழம்பும் கொண்டுவந்து வைத்துவிட்டு, “மறுபடியும் கம்ப்யூட்டரா?” என்று மட்டும் கேட்டார்.

‘விழு’ என்று தட்டியதும் எட்டுச் சொற்களும் வந்தன. ஏழாவது சொல் ஃபிளாஷ் முகவரியாக இருந்தால் 08 என்று தொடங்க வேண்டும். வந்ததோ 73206 என்று தொடங்கும் ஓர் எண். ‘இன்ஃபோ சிம்பல்’ கேட்டால் பொருந்தும் சிம்பல் ஏதும் இல்லை என்றது. சிறிது நேரம் களியைப் பிசைந்துகொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ‘ஹெல்ப் எக்ஸ்’ விளக்கத்தில் வரும் சி எழுத்து நினைவுக்கு வந்தது. அதே இடத்தை, அதாவது ஸ்டாக் சுட்டியோடு 24 கூட்டி, நான்கு பைட்டுகளை எழுத்துகளாகக் காட்டச் சொன்னேன். 114, 107, 32, 115 என்ற எண்களும், பக்கத்திலேயே ஆர், கே, ஓர் இடைவெளி, எஸ் என்ற எழுத்துகளும் வந்தன. பிசியில் எழுத்துகள்! உடனே எட்டுச் சொற்களையும் தாண்டி, 32 கூட்டிய இடத்தைச் சரமாகக் கேட்டேன். ‘சர்வீஸ்’ என்ற ஆங்கிலச் சொல், முதல் எழுத்தான எஸ் மட்டும் இல்லாமல் வந்தது. அந்த எஸ் தான் பிசிக்குள் போய் உட்கார்ந்திருந்தது.

மோடம் அனுப்பிய பிழைச் செய்தி அது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிலவரத்தை அனுப்ப இணைப்புக் கேட்கும்போது, பட்டறையில் ‘ஓகே’ என்ற இரண்டு எழுத்தோடு போய்விடும். சிக்னல் இல்லாத இடத்தில் ‘நோ நெட்வொர்க் சர்வீஸ்’ என்று முடியும் 30 எழுத்து வாசகம் வருகிறது. அதை வாங்கிக்கொள்ள ஸ்டாக்கில் நான் ஒதுக்கியிருந்த அர்ரே (எழுத்துகளை வரிசையாக வைக்கும் இடம்) 16 எழுத்துக்கானது. நீளத்தைப் பார்க்காமல் நகலெடுக்கும் என் ஃபங்ஷன், மீதியை, வேலை முடிந்ததும் பிசிக்குள் போக வேண்டிய திரும்பும் முகவரியின் மேலேயே எழுதிவிட்டது. ஆர்7 ரெஜிஸ்டரைப் பார்த்தால் அதிலும் ‘நெட்வொர்க்’ என்ற சொல்லின் நடு நான்கு எழுத்துகள். எந்தச் சிக்னல் இல்லை என்று இங்கே வந்து புலம்பினேனோ, அதே சிக்னல் இல்லாததுதான் போர்டையும் உறைய வைத்திருக்கிறது. காண்டாக்டரின் மேல் வீண்பழி.

நேற்றுப் பட்டறையில் மோடத்தின் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டுப் பழைய ஃபர்ம்வேரை ஓடவிட்டேன். பத்தாவது நிமிடம் அதே சுழலில் விழுந்தது. நீளத்தைச் சரிபார்க்கும் புதிய ஃபர்ம்வேர், ஆன்டெனா இல்லாமலே இப்போது பதினெட்டு மணி நேரமாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்னப்பரைக் கழற்றவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும்.